வேகத்துக்கு ஒரு பேரு, நிதானத்துக்கு ஒரு பேரா?

வா பேராண்டி, உக்காரு. அந்த லேப்டாப்பை வெயில் படாம இப்படித் திருப்பு. ஊருக்கு வந்த அன்னிக்கே புள்ளையப் பிடிச்சு உக்கார வச்சுட்டீங்களான்னு உங்க ஆச்சி முனகுதா. முனகட்டும். எடுத்துக் காட்டினது நீ. பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தா எனக்கு மத்தியானச் சோறு எறங்காது.

எனக்கு என்ன தெரியும், சொல்லு. பட்டணத்துல பொட்டி தட்டி ஓஞ்சு, இப்ப மொளகா வத்தல் வெலை ஏறுமா எறங்குமான்னு பாத்துக்கிட்டுக் கெடக்குத கெழவன். நீங்கள்லாம் மேகத்துலயே கம்ப்யூட்டர் வச்சிருக்குத புள்ளைக. அதனால நான் சொல்லுததைப் புத்திமதின்னு எடுத்துக்கிடாதே, கெழட்டு வாய் சும்மா இருக்காதுன்னு எடுத்துக்கோ.

மொதல்ல பாராட்டைச் சொல்லிருதேன். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாப் பிரிக்க ஒரு பைத்தான் மாடியூல் எழுதியிருக்கே. நல்ல காரியம். அது மெதுவா ஓடுதுன்னு, அதையே சி மொழியில இன்னொரு தடவை எழுதியிருக்கே. அதுவும் நல்ல காரியம், ராத்திரி தூக்கம் வராத வயசு. அப்புறம் ஒண்ணுக்கு ‘எழுத்து’ன்னும் இன்னொண்ணுக்கு ‘சி-எழுத்து’ன்னும் பேரு வச்சு, ‘வேகம் தேவைப்படுகிறவர்கள் சி-எழுத்தை இம்போர்ட் செய்துகொள்ளவும்’னு ரீட்மீயில எழுதியிருக்கே பாரு, அங்கனதான் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. உலகத்துல எவனாவது வந்து, ‘எனக்கு வேகமெல்லாம் வேண்டாம், நல்லா மெதுவா ஓடுததா ஒண்ணு குடுங்க’ன்னு கேட்டு வாங்கியிருக்கானாலே?

‘இல்ல தாத்தா, எல்லார் மெஷின்லயும் சி கம்பைல் ஆகாதுல்ல, அதான் ரெண்டு பேரு’ங்குத. அப்ப ஆகுமா ஆகாதாங்குத கவலையை எடுத்து, உன் மாடியூலைப் பயன்படுத்துதவன் தலையில வச்சுட்டே. அவன் என்ன செய்வான்? மொதல்ல சி-எழுத்தை இம்போர்ட் பண்ணிப் பாப்பான், வரலேன்னா எழுத்தை இம்போர்ட் பண்ணுவான். அந்த நாலு வரியை ஒவ்வொருத்தனும் அவனவன் ஃபைல் தலையில ஒட்டிக்கிட்டுத் திரியணும். நீ ஒரு தடவை எழுத வேண்டியதை ஊரே எழுதட்டும்னு பெரிய மனசு பண்ணி விட்டிருக்கே.

இந்தக் கூத்தைப் பைத்தான்காரங்க உனக்கு முன்னாலயே ஆடிப் பாத்துட்டாங்க. பைத்தான் 2 காலத்துல பிக்கிள்னு ஒரு மாடியூல், சி-பிக்கிள்னு இன்னொண்ணு. ஸ்ட்ரிங்-ஐஓ ஒண்ணு, சி-ஸ்ட்ரிங்-ஐஓ ஒண்ணு. சி-பிக்கிள் 1000 மடங்கு வரைக்கும்கூட வேகமா ஓடும்னு அவங்க ஆவணத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. அதுக்கு அடுத்த வரியையும் படிக்கணும். பிக்கிள்ல பிக்ளருங்கிறது கிளாஸ், சி-பிக்கிள்ல அதே பேரு வெறும் ஃபங்ஷன். அதுல இருந்து நீ சப்கிளாஸ் எடுக்க முடியாது. வேகம் வேணும்னு பேரை மாத்தினவன், ஆறு மாசம் கழிச்சு ஒரு சப்கிளாஸ் தேவைப்பட்டப்ப முழிச்சான்.

சி-ஸ்ட்ரிங்-ஐஓ கதை நமக்கு இன்னும் நெருக்கம். ஆஸ்கியில அடங்காத யூனிக்கோடு எழுத்தை அது வாங்காது. மெதுவா ஓடுத ஸ்ட்ரிங்-ஐஓ தமிழை மரியாதையா வாங்கி வச்சுக்கிடும், வேகமா ஓடுதவரு ‘அ’வைக் கண்டதும் யூனிக்கோட் எரர்னு மூஞ்சியில துப்பிருவாரு. இங்கிலீஷ்ல டெஸ்ட் பண்ணி முடிச்சு, வாடிக்கைக்காரன் தமிழ்ல பேரு எழுதின அன்னிக்குத்தான் தெரியும், மாத்தினது வேகத்தை மட்டும் இல்லேன்னு. ரெண்டு பேரு வச்சா ரெண்டும் ரெண்டு வழியில வளரும். ஒண்ணைத் திருத்துதவன் மத்ததைத் திருத்த மாட்டான். யாரையும் குத்தம் சொல்ல வழியில்ல. வேற மாடியூல்தானேன்னு கேப்பான்.

2008 டிசம்பர்ல பைத்தான் 3.0 வந்தப்ப இந்த ஜோடிகள்ல சிலதை ஒண்ணாக்கிட்டாங்க. வெளிய பிக்கிள்னு ஒரே பேரு. சி-யில எழுதினது முன்னால ஒரு அண்டர்ஸ்கோரைப் போட்டுக்கிட்டு உள்ள போயிருச்சு. ப்ரொஃபைல், சி-ப்ரொஃபைல் ஜோடி அதுக்கப்புறமும் பல வருசம் தனித்தனியாவே கெடந்துது. எந்தக் கல்யாணத்துலயும் ரெண்டு பேரு சாப்பிடாமத் திரியத்தான செய்வான்.

அதே 3.0-ல இன்னொரு வேடிக்கை. ஃபைல் படிக்க எழுத இருக்குத ஐஓ மாடியூலைப் புதுசா, பெரும்பாலும் பைத்தான்லயே எழுதி வெளியிட்டாங்க. படிக்க அவ்வளவு சுத்தமா இருந்துது. ஓட்டிப் பாத்தா நகரல. 2009 ஜூன்ல 3.1 வந்தப்ப மொத்தத்தையும் சி-யில திருப்பி எழுதினாங்க. வேலையைப் பொறுத்து 2-ல இருந்து 20 மடங்கு வேகம்னு அவங்களே குறிச்சாங்க. ஆனா பைத்தான்ல எழுதினதைக் குப்பையில போடல. அண்டர்ஸ்கோர் பை-ஐஓன்னு பேரு குடுத்து பத்திரமா வச்சாங்க. அதைத்தான் நீ கவனிக்கணும்.

நம்ம தோட்டத்துக் கிணத்துல மோட்டாரும் இருக்கு, வாளியும் கயிறும் இருக்கு. கரண்டு இருந்தா மோட்டார், போனா வாளி, ரெண்டுலயும் வாரது ஒரே தண்ணி. தண்ணி கேட்டு வாரவன்கிட்ட ‘மோட்டார் தண்ணியா, வாளித் தண்ணியா’ன்னு நான் கேக்கேனா? மோட்டார்ல உப்புத் தண்ணி வந்தா அது வேற கெணறுலே.

2011-ல பிரெட் கேனன்ங்கிறவரு பெப் 399-னு ஒரு ஏற்பாட்டை எழுதினாரு. பைத்தானோட சொந்த நூலகத்துக்குள்ள சி-யில ஒரு மாடியூல் புதுசா வரணும்னா, அதே வேலையைச் செய்யுத பைத்தான் வடிவமும் கூடவே இருக்கணும், ரெண்டும் ஒரே டெஸ்டுல தேறணும், அந்த டெஸ்ட் கோடோட எல்லாக் கிளையையும் தொடணும். வெளி நூலகம் எதையாவது போர்த்திக் குடுக்குத மாடியூல், எஸ்க்யூலைட் மாதிரி, அதுக்கு விலக்கு. அதைப் பைத்தான்ல திருப்பி எழுதுன்னு எவனும் கேக்க முடியாதுல்லா. ஏன் இந்தக் கண்டிப்புன்னா, பைத்தான்ங்கிறது ஒண்ணு மட்டும் இல்ல. பைப்பை இருக்கு, ஜாவா மேல ஓடுத ஜைத்தான் இருக்கு, டாட்நெட் மேல ஓடுத அயர்ன்பைத்தான் இருக்கு. சி-யில மட்டும் எழுதி வச்சுட்டா அவனுக எல்லாரும் உக்காந்து அதைத் திருப்பி எழுதணும். இதுல பைப்பைக்காரன் பாடு இன்னும் வேடிக்கை. அவன்கிட்ட ஜிட் இருக்கு. நீ மெதுவா ஓடுதுன்னு நெனைக்குத பைத்தான் கோடு அவன்கிட்ட பறக்கும், நீ பெருமையா எழுதின சி அவன்கிட்ட தவழும்.

உன் மாடியூல் பைத்தானோட சொந்த நூலகத்துக்குள்ள போகப் போறதில்ல, பெப் 399 உன்னைக் கட்டாதுன்னு நெனைக்குத. கட்டாதுதான். வேண்டாம்னா விடு. ஆனா சும்மா கெடைக்குத அனுபவத்தை வேண்டாங்குதவனை நான் இப்பத்தான் பாக்கேன்.

சரி, எப்படி அடுக்குறதுன்னு கேளு. வெளிய ‘எழுத்து’ன்னு ஒரே வாசல். உள்ள ரெண்டு ஃபைல், ரெண்டுக்கும் தலையில அண்டர்ஸ்கோர், ஒண்ணு பைத்தான், ஒண்ணு சி. வாசல் ஃபைல்ல ட்ரை போட்டு சி-யில இருந்து எடு, இம்போர்ட் எரர் வந்தா பைத்தான்ல இருந்து எடு. அவ்வளவுதான். டெசிமல் இப்படித்தான் இருக்கு. 3.3-ல ஸ்டெஃபான் கிராங்கிறவரு அதைச் சி-யில கொண்டாந்தாரு. டேட்டாபேஸ் வேலைக்கு 10 மடங்கு, கணக்கு அதிகமா இருக்குத வேலைக்கு 100 மடங்கு வேகம். வெளிய இருந்து பாத்தவனுக்கு டெசிமல் டெசிமலாவேதான் இருந்துது.

டேட்டைம் மாடியூல் அப்படி இருக்கல. ரொம்ப நாளா ஒரு கூத்து நடந்துது. 2000 வரிக்கு மேல பைத்தான் கோடு. தேதிக்கு ஒரு கிளாஸ், நேரத்துக்கு ஒரு கிளாஸ்னு எல்லாத்தையும் மெனக்கெட்டு உருவாக்கிட்டு, கடேசி வரியில போய் ‘அண்டர்ஸ்கோர் டேட்டைம் இருக்கா’ன்னு பாக்கும். இருந்தா, அவ்வளவு நேரம் உருவாக்கின கிளாஸ் எல்லாத்தையும் அதால மூடிட்டு, மிச்சமிருக்குத துணைப் பேரையெல்லாம் வரிசையா டெல் போட்டு அழிக்கும். ஒவ்வொரு இம்போர்ட்டுக்கும் இதே வேலை. 2023-ல 3.12 வந்தப்பத்தான் பைத்தான் கோடைத் தனியா அண்டர்ஸ்கோர் பை-டேட்டைம்னு எடுத்து வச்சுட்டு, டேட்டைம் ஃபைலைச் சில வரியில முடிச்சாங்க. ரீட்மீயில ரெண்டு பேரைச் சொல்லிட்டு, உள்ள நீ என்ன செஞ்சிருக்கே? அந்தப் பழைய டேட்டைமைப் பாத்து அப்படியே எழுதியிருக்கே. டெல் வரிசைகூட இருக்கு. குருபக்தி நல்லதுதான், ஆனா குரு திருந்திட்டாருலே.

சின்ன மாடியூலுக்கு ஒரே ஃபைல் போதும், அதுல எனக்குச் சண்டை இல்ல. ஹீப்க்யூ இன்னும் அப்படித்தான். மேல பைத்தான் ஃபங்ஷன், கீழ ‘அண்டர்ஸ்கோர் ஹீப்க்யூவில இருந்து ஸ்டார்’னு ஒரு இம்போர்ட். இதுல ஒரு பொறி இருக்கு. ஸ்டார் இம்போர்ட் அண்டர்ஸ்கோர்ல தொடங்குத பேரைத் தானா இழுத்துக்கிட்டு வராது. ஹீப்க்யூவுக்குள்ளயே அப்படிச் சில ஃபங்ஷன் இருந்துது, அதுகளைப் பேரு சொல்லித் தனித்தனியா இம்போர்ட் பண்ணி வச்சிருந்தாங்க. நீ பண்ணல. அதனால உன் மாடியூல்ல வெளிய தெரியுத ஃபங்ஷன் சி-யில ஓடுது, அண்டர்ஸ்கோர் போட்ட துணை ஃபங்ஷன் இன்னும் பைத்தான்லயே கெடக்கு. ‘சி-யில எழுதியும் வேகம் வரலியே’ன்னு ராத்திரியெல்லாம் ப்ரொஃபைலரைக் கட்டிக்கிட்டு அழுதியே, அதுக்குக் காரணம் இதுதான்.

எனக்குப் புடிச்சது ஜேசன் மாடியூல்ல இருக்குத ஏற்பாடு. அங்க மொத்தத்தையும் சி-யில எழுதல. சரத்தைப் படிக்குதது, எழுதுததுன்னு சூடு ஏறுத நாலு எடத்தை மட்டும் சி-க்குக் குடுத்தாங்க. சி-ஸ்கேன்ஸ்டிரிங்னு ஒரு பேரு, பை-ஸ்கேன்ஸ்டிரிங்னு ஒரு பேரு, ‘ஸ்கேன்ஸ்டிரிங்னா முன்னது, இல்லேன்னா பின்னது’ன்னு ஒரே வரி. சி கெடைக்கலேன்னா முன்னதுல நன் கெடக்கும், பின்னது தானா வந்து உக்காரும். ரெண்டு வடிவமும் பேரோட கைக்கு எட்டுத தூரத்துல இருக்கு, எதையும் அழிக்கல, டெஸ்ட் எழுதுதவன் எதை வேணும்னாலும் தொட்டுப் பாக்கலாம். மொத்த மாடியூலையும் சி-யில எழுதிட்டேன்னு மார் தட்டுததை விட, இந்த நாலு எடம்தான் மெதுவு, அதை மட்டும் எழுதினேன்னு சொல்லுதவனுக்குத்தான் நான் பொண்ணு குடுப்பேன்.

இப்ப உன் ஃபோல்டரைப் பாப்போம். எழுத்து டாட் பிஒய். பக்கத்துலயே எழுத்து டாட் எஸ்ஓ. ஒரே பேரு. ‘பைத்தான் ஃபைல்ல பிரிண்ட் போட்டேன் தாத்தா, வரவே மாட்டேங்குது, லேப்டாப்புக்கு என்னமோ ஆயிருச்சு’ன்னு நேத்து ஃபோன்ல சொன்னியே. லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகல. ஒரே பேருல ரெண்டு ஃபைல் இருந்தா பைத்தான் மொதல்ல கம்பைல் ஆன எஸ்ஓவைத்தான் எடுக்கும், அப்புறம்தான் பிஒய், அதுக்கும் அப்புறம்தான் பிஒய்சி. என்னிக்கோ பில்டு பண்ணி மறந்துபோன எஸ்ஓ அங்கன உக்காந்து சம்பளம் வாங்குது, நீ பிஒய்யைத் திருத்தித் திருத்தி சாமி கும்பிடுத. மாடியூலோட டண்டர் ஃபைலைப் பிரிண்ட் பண்ணிப் பாத்திருந்தா, எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னு ஒரே வரியில தெரிஞ்சிருக்கும். ஒன்றரை நாள் தேடினேன்னு பெருமையா வேற சொல்லுத.

வேணும்னே ஒரே பேருல வைக்குதவங்களும் இருக்காங்க. சைத்தான்னு ஒண்ணு இருக்கு, பேரைப் பாத்துப் பயந்துராதே. மைப்பைசின்னு ஒண்ணு இருக்கு. இதுக ரெண்டும் நீ எழுதின பைத்தான் ஃபைலையே எடுத்துக் கம்பைல் பண்ணி எஸ்ஓ ஆக்கிரும். கோடைச் சீராக்குத பிளாக், 2022-ல இருந்து மைப்பைசியில கம்பைல் ஆன வீலாத்தான் வருது. இதுல என்ன சவுகரியம்னா, மூலம் ஒண்ணுதான். ரெண்டு மொழியில ரெண்டு தடவை எழுதி, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு சாகுத வரைக்கும் பாக்க வேண்டியதில்ல. இதை மொதல்ல முயற்சி பண்ணிப் பாத்தியான்னு கேட்டா மோட்டைப் பாக்க. சி எழுதணும்னு ஆசை இருந்துது, எழுதினே. ஆசையைத் தேவைன்னு ரீட்மீயில எழுதாதே, அவ்வளவுதான் நான் சொல்லுதேன்.

சரி, எழுதினது எழுதியாச்சு. ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லுதான்னு பாத்தியா? ‘டெஸ்ட் எல்லாம் பச்சை தாத்தா.’ பச்சைதான், நானும் பாத்தேன். ‘அ’ன்னு ஒத்தை எழுத்தைக் குடுத்து, அது எந்த எடத்துல தொடங்குதுன்னு கேட்டிருக்கே. ரெண்டும் 0-ங்குது. எந்த மொழியில எழுதினாலும் மொத எழுத்து 0-லதான் தொடங்கும் ராசா.

‘தமிழ்’னு குடுத்துப் பாரு. நமக்கு மூணு எழுத்து. யூனிக்கோடுக்கு அஞ்சு குறி: த, ம, அந்த மேல் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட்டு, ஆக 15. உன் பைத்தான் வடிவம் எழுத்து தொடங்குத எடம் 0, 1, 3-ங்குது. உன் சி வடிவம் 0, 3, 9-ங்குது, ஏன்னா அது பைட்டை எண்ணுது. ரெண்டு பேருமே கணக்குல கெட்டிதான், ஆனா பயன்படுத்துதவன் எதை நம்புவான்? அவன் மெஷின்ல சி இருந்தா ஒரு பதில், இல்லேன்னா வேற பதில். அவன் சொல்லுத பிழை உன் மெஷின்ல வராது, நீ ‘என்கிட்ட சரியா ஓடுதே’ம்ப. சண்டைக்கு அச்சாரம் போட்டாச்சு.

இன்னும் ரெண்டு மூணு குடுத்துப் பாரு. சரத்துக்கு நடுவுல ஒரு சுழிப் பைட்டு இருந்தா, ஸ்டர்லென் அங்கனயே முடிஞ்சு போச்சுன்னு நின்னுரும், பைத்தான் கடேசி வரைக்கும் போகும். ‘கொ’வை ஒரே ஒகரக் குறி போட்டும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாப் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. உன் சி-யில இருக்குத அட்டவணைக்கு ஒகரக் குறி மட்டும்தான் தெரியும். அப்புறம் எண்ணு: பைத்தானுக்கு எவ்வளவு பெருசுன்னாலும் சரி, உன் சி 9223372036854775807-ஐத் தாண்டினதும் கையை விரிச்சுரும்.

ஹீப்க்யூவுலயே இந்த வித்தியாசம் இருந்துது. பைத்தான் வடிவம் லிஸ்ட்டு மாதிரி நடந்துக்கிடுத எதையும் வாங்கும், சி வடிவம் நெசமான லிஸ்ட்டா இல்லேன்னா டைப் எரர்னு திருப்பி அனுப்பும். பெப் 399 அதைத்தான் உதாரணமாக் காட்டுச்சு. சி-யில எழுதுதப்ப லிஸ்ட்டுக்குன்னே இருக்குத ஃபங்ஷனைக் கூப்பிடாம, எந்தப் பொருளுக்கும் ஆகுத பொது ஃபங்ஷனைக் கூப்பிடுன்னு சொல்லுது. கொஞ்சம் வேகம் கொறையும். கொறையட்டும். இல்லேன்னா லிஸ்ட்டு மட்டும்தான் வாங்குவேன்னு பைத்தான் பக்கமும் கண்டிப்பா எழுதி வையி. ரெண்டுல ஒண்ணைச் செய்யி, ஒண்ணுகிட்ட தாராளமும் இன்னொண்ணுகிட்ட கெடுபிடியும் கூடாது.

டெஸ்டை எழுதுத முறையும் அங்கனயே இருக்கு. டெஸ்ட் எல்லாத்தையும் ஒரே கிளாஸ்ல எழுது, ‘மாடியூல்’னு ஒரு இடத்தைக் காலியா விடு. அதுல இருந்து ரெண்டு கிளாஸ் எடு. ஒண்ணுக்குச் சி, ஒண்ணுக்குப் பைத்தான். பைத்தானை மட்டும் தனியா எப்படி இழுக்குததுங்குத? சிஸ் மாடியூல்ஸ் பட்டியல்ல சி-யோட பேருக்கு நேரா நன் போட்டுட்டு இம்போர்ட் பண்ணு. சி இல்லாத மெஷின்னு நெனைச்சுக்கிட்டுப் பைத்தான் வடிவத்தை எடுத்துக் குடுத்துரும். மாடியூலைக் குடு, ஃபங்ஷனைக் கழட்டிக் கிளாஸுக்குள்ள வைக்காதே. பைத்தான் ஃபங்ஷனைக் கிளாஸுக்குள்ள வச்சா செல்ஃபைச் சேத்து இழுக்கும், சி ஃபங்ஷன் இழுக்காது. அதுல வேற ஒரு ராத்திரி போகும் உனக்கு.

பேரு சொல்லிக் குடுக்குத ஆர்க்யுமென்டையும் பாரு. உன் பைத்தான் ஃபங்ஷனுக்கு ‘சொல்’னு பேரு போட்டும் குடுக்கலாம், சி-க்கு வரிசைப்படி மட்டும்தான் குடுக்கலாம். 3.8-ல சாய்வுக்கோடு போடுத வசதி வந்துது, அதைப் போட்டா பைத்தான் பக்கமும் பேரு சொல்ல விடாது. அது வந்ததுக்கு ஒரு காரணமே இந்த ரெட்டைப் பொழைப்புதான்.

பிக்கிள் பண்ணி வைக்குத கிளாஸ் உன்கிட்ட இருக்கா? இருக்கு. அந்தக் கிளாஸ் எந்த மாடியூல்னு பிக்கிள் எழுதி வச்சுக்கிடும். சி இருக்குத மெஷின்ல எழுதினதுல ‘அண்டர்ஸ்கோர் சி-எழுத்து’ன்னு இருந்தா, சி இல்லாத மெஷின்ல திறக்கவே முடியாது. டெசிமலோட பைத்தான் ஃபைல்ல மேலயே ‘என் பேரு டெசிமல்’னு டண்டர் நேமை மாத்தி எழுதி, பக்கத்துல ‘பிக்கிளுக்காக’ன்னு ஒரு குறிப்பும் போட்டிருக்காங்க. உள்ள எத்தனை பேரு வேணும்னாலும் வச்சுக்கோ, வெளிய சொல்லுத பேரு ஒண்ணா இருக்கட்டும்.

இப்ப அந்த எக்செப்ட் வரிக்கு வாரேன். ‘இம்போர்ட் எரர் வந்தா சத்தமில்லாம பைத்தானுக்குப் போ.’ பயன்படுத்துதவனுக்கு அது சரி. உனக்குச் சரியில்ல. எஸ்ஓ இல்லேன்னாலும் இம்போர்ட் எரர்தான், எஸ்ஓ இருந்து அதுக்குள்ள ஒரு சிம்பல் கெடைக்கலேன்னாலும் இம்போர்ட் எரர்தான். ரெண்டையும் ஒரே போர்வையில போட்டு மூடினா, உன் சி செத்து மூணு ரிலீஸ் ஆனாலும் உனக்குத் தெரியாது. எவனோ ஒருத்தன் ‘இப்பல்லாம் மெதுவா இருக்கே’ன்னு எழுதுவான், நீ ‘உங்க மெஷின் பழசு’ம்ப. டெஸ்டுலயும் இதே கதைதான். சி இல்லேன்னா ஸ்கிப்புன்னு எழுதியிருக்கே, ஸ்கிப் ஆனாலும் மொத்தம் பச்சையாத்தான் காட்டும். உன் சிஐ-யில சி கண்டிப்பா பில்டு ஆகணும்னு இருக்குத எடத்துல, ஸ்கிப் விழுந்தா சிவப்பு விழணும். எந்த வடிவம் ஓடுதுன்னு சொல்ல ஒரு மாறி வையி, பிழை சொல்லுதவன் அதைப் பிரிண்ட் பண்ணி அனுப்பட்டும்.

சி-யை அணைக்கவும் ஒரு சுவிட்ச் வேணும். ஏஐஓ-ஹெச்டிடிபியில ஒரு சூழல் மாறியை வச்சா சி பக்கமே போகாது. 2022-ல புரோட்டோபஃப் 4.21 வந்தப்ப, பழைய முறையில உருவாக்கின கோடு வச்சிருந்தவங்களுக்கெல்லாம் இம்போர்ட்லயே உடைஞ்சுது. அந்தப் பிழைச் செய்தியே ரெண்டு வழி சொல்லுச்சு: 3.20-க்கு எறங்கு, இல்லேன்னா சூழல் மாறியில ‘பைத்தான்’னு போடு, ஆனா ரொம்ப மெதுவா ஓடும். மெதுவா ஓடட்டும், அன்னிக்கு ராத்திரி சர்வர் எழுந்திரிச்சு நின்னா போதும்னு எத்தனை பேரு போட்டிருப்பான்.

வீல் போடுததுல அதிகம் சொல்லல. மெஷினுக்கு மெஷின் கம்பைல் ஆன வீலும் போடு, கூடவே எங்கயும் ஓடுத சுத்தப் பைத்தான் வீல் ஒண்ணும் போடு. பிப் பொருத்தமானதை எடுத்துக்கிடும், எதுவும் பொருந்தலேன்னா பொதுவானது கெடைக்கும். இல்லேன்னா அல்பைன் கண்டெய்னர்ல ஜிசிசி இல்லாம நிக்குதவன் உன் பேரைச் சொல்லி என்னை ஏசுவான்.

இன்னிக்குச் செய்ய வேண்டியது பேரு ஒண்ணுதான். எலிமென்ட்ட்ரீக்கும் சி-எலிமென்ட்ட்ரீன்னு ஒரு ரெண்டாம் பேரு இருந்துது. 2012-ல 3.3-லயே ரெண்டையும் ஒண்ணாக்கி, பழைய பேரு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 2020-ல 3.9-லதான் எடுத்தாங்க. எட்டு வருசம் சொல்லியும் கேக்காம, எடுத்த அன்னிக்குக் கோடு உடைஞ்சு போச்சேன்னு கத்தினவங்க உண்டு. உன் சி-எழுத்தை இப்ப எத்தனை பேரு எறக்கியிருக்கான், நாலு பேரு, அதுல ரெண்டு நீயும் உன் ஆபீஸ் லேப்டாப்பும். இந்த ரிலீஸ்லயே சி-எழுத்தை உள்ள தள்ளு, பழைய பேருல வாரவனுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் காட்டு, ரீட்மீயில அந்த ‘வேகம் தேவைப்படுகிறவர்கள்’ வரியை அழி. நாலு பேரு நாலாயிரம் ஆனப்புறம் உன்னால முடியாது பேராண்டி, இப்பவே செஞ்சுரு.